பேசாமல் செர்பிய மொழி கற்றுக்கொள்வது எப்படி?

செர்பிய மொழி படிக்கக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றைக் கைவசம் வைத்திருந்தால் போதும். ஒரு பாயின்ட் போனதும் நோவாக் ஜோகோவிச் தன் பயிற்சியாளர் பக்கம் திரும்பி என்ன கத்துகிறார் என்று தெரிந்தாக வேண்டும் எனலாம். 2017-இல் வந்த ‘விவேகம்’ படத்தைச் செர்பியாவில் எடுத்தார்கள், அந்த இடங்களை ஒருமுறை பார்க்க ஆசை எனலாம். அதே ஆண்டில்தான் இந்தியர்கள் விசா இல்லாமல் அங்கே போய்வர வழி திறந்தது. 2023 ஜனவரி 1 முதல் அதை மூடிவிட்டார்கள். ஆகவே விசாவுக்குக் காத்திருக்கும் நேரமும் இப்போது உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. போனை எடுங்கள்.

முதலில் ஆப் வேண்டும். மொழிப்பாடம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் பச்சை ஆந்தைதான். அதில் ‘ஸ்டார் ட்ரெக்’ வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான் இருக்கிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் டிராகனுக்குக் கட்டளையிட உதவும் ஹை வலிரியன் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 66 லட்சம் பேர் வாழும் செர்பியாவின் மொழிக்கு, இதை எழுதும் வரை அங்கே இடமில்லை. டிராகன் வளர்க்காதது செர்பியர்களின் குற்றம். நீங்கள் சின்ன ஆப்களைத்தான் தேடிப் போக வேண்டும். இலவசம் என்று எழுதியிருப்பதை இறக்குங்கள். எது வரைக்கும் இலவசம் என்பது நான்காம் பாடத்தில் தெரியவரும்.

இறக்கியது செர்பிய மொழிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. செர்பியம், குரோவாசியம், போஸ்னியம், மொண்டெனெக்ரியம் என்று நான்கு பெயர்கள் உண்டு. பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். ரொட்டிக்குச் செர்பியாவில் ‘ஹ்லெப்’, குரோவாசியாவில் ‘க்ரூஹ்’. பெல்கிரேடு ரொட்டிக் கடையில் ‘க்ரூஹ்’ என்று கேட்டாலும் ரொட்டி கிடைக்கும், கூடவே ஒரு பார்வையும் கிடைக்கும். இந்த மொழிகளுக்குள் எவ்வளவு தூரம் என்று அறிய விரும்புகிறவர்கள் போஸ்னியாவின் சிகரெட் பெட்டியைப் பார்க்கலாம். ‘புகைத்தல் கொல்லும்’ என்ற எச்சரிக்கையை மூன்று மொழிக்காரர்களுக்கும் தனித்தனியாக மூன்று முறை அச்சிட்டிருப்பார்கள். முதல் இரண்டு வரிகளில் ஓர் எழுத்துகூட மாறாது. மூன்றாவதும் அதே வாக்கியம்தான், சிரிலிக் எழுத்தில் இருக்கும். மூன்று மொழிகளில் படிக்கத் தெரியும் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எழுத்து என்றதும் பயப்படுவீர்கள். ஒரே மொழிக்கு இரண்டு நெடுங்கணக்கு, லத்தீனில் 30, சிரிலிக்கில் 30. 2006 அரசியலமைப்பு சிரிலிக்கைத்தான் அரசு எழுத்து என்கிறது. கடைத்தெருவும் விளம்பரங்களும் பெரும்பாலும் லத்தீனில் ஓடுகின்றன. ஆப் உங்களுக்கு லத்தீனை மட்டும் காட்டிவிட்டு, சிரிலிக்கைப் பணம் கட்டியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கலாம். கட்டாதீர்கள். சிரிலிக் தெரியாதவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற ஓர் இன்பம் உண்டு. அதில் ஆங்கில ‘பி’ போலிருக்கும் எழுத்து ‘ர்’, ‘சி’ போலிருப்பது ‘ஸ்’, ‘எச்’ போலிருப்பது ‘ன்’. எனவே ‘ரெஸ்தோரான்’ என்ற பலகையை நீங்கள் ‘பெக்டோபா’ என்று வாசிப்பீர்கள். தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் இந்தப் பெக்டோபா முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருக்க வேண்டும் என்று வியந்தபடியே ஒரு வாரத்தை ஓட்டலாம்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது வூக் கராஜிச்சை விட்டுவிட முடியாது. ஒரு கால் ஊனமான மனிதர். எப்படிப் பேசுகிறாயோ அப்படியே எழுது, எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே படி என்ற விதியைச் செர்பிய மொழியின் தலையில் ஏற்றியவர். (எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று, மேடையில் முழங்குவது இன்னொன்று என்று வாழும் நமக்கு இதன் சுகம் உடனே பிடிபடாது.) லத்தீன் நெடுங்கணக்கிலிருந்து ஒரே ஓர் எழுத்தைச் சிரிலிக்குக்குள் அவர் கொண்டுவந்ததற்குத் திருச்சபைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவருடைய எழுத்துமுறை மீதான கடைசித் தடைகளைச் செர்பிய அரசு நீக்கியது 1868-இல். வூக் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1818-இல் வியன்னாவில் வெளியான அவருடைய அகராதியில் 26,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. மக்கள் வாயில் வருவதையெல்லாம் சேர்த்தேன் என்று அவர் சொன்னதில் பொய்யில்லை, கெட்ட வார்த்தைகளும் அதில் இருந்தன. பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். 1852-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை எடுக்கப்பட்டன. உங்கள் ஆப் அந்த இரண்டாம் பதிப்பின் வாரிசு. வசவுக்குப் பேர்போன ஒரு மொழியை, வசவே இல்லாத பாலர் பள்ளி மொழியாக அது உங்களுக்குக் கொடுக்கும். ஜோகோவிச் கத்துவது புரியும் என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் கைவிடுங்கள்.

இனி அன்றாடப் பயிற்சி. அந்த ஆப் முதல் நாளே ஒரு சிறுவனை அறிமுகம் செய்யும். ‘தெச்சாக் யெதெ யாபுக்கூ’: சிறுவன் ஆப்பிள் தின்கிறான். மறுநாளும் தின்பான். மூன்றாம் வாரத்தில் சிறுமி ஒருத்தி வந்து தண்ணீர் குடிப்பாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். நாள் தவறாமல் படித்ததற்கு ‘ஸ்ட்ரீக்’ என்று ஒரு தீச்சுடர் படத்தை ஆப் கொடுக்கும், அதை அணையாமல் காப்பது இனி உங்கள் குலக்கடமை. கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்டாகிவிட்டதா? பரவாயில்லை, இடது கையால் ஒரு பாடம். இரவு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நினைவு வந்ததா? போர்வைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். எதைப் படித்தீர்கள் என்று சுடர் கேட்காது.

சொற்களைக் கட்டைகளாக்கி வாக்கியம் அடுக்கச் சொல்லும் பயிற்சி வரும்போது பதற வேண்டாம். பெரிய எழுத்தில் தொடங்கும் கட்டையை முதலில் தட்டுங்கள், முற்றுப்புள்ளி ஒட்டியிருப்பதைக் கடைசியில். நடுவில் கிடப்பதை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு செர்பியருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும், ஏனென்றால் வேற்றுமை உருபு நம் மொழியைப் போலவே சொல்லின் வாலிலேயே இருக்கிறது. யார் எதைத் தின்றார் என்பதில் குழப்பம் வராது. ஆப்புக்கு மட்டும் அது புரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே வரிசை.

பேச்சுப் பயிற்சியும் உண்டு. மைக் படம் வந்ததும் அதன் கீழே பொடி எழுத்தில் ‘இப்போது பேச முடியாது’ என்றொரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இந்தக் கையேட்டின் உயிர்நாடியே அதுதான். பஸ்ஸில் அழுத்துங்கள், அலுவலகத்தில் அழுத்துங்கள், வீட்டில் யாரும் இல்லாதபோதும் அழுத்துங்கள். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தெருச்சதுக்கத்துக்கு ‘த்ர்க்’, விரலுக்கு ‘ப்ர்ஸ்த்’, ரத்தத்துக்கு ‘க்ர்வ்’, சாவுக்கு ‘ஸ்ம்ர்த்’ என்று உயிரே இல்லாமல் பேசும் மொழி இது, ‘ர்’தான் உயிரெழுத்து வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தை ‘இஸ்கூல்’ ஆக்கிய நம் நாக்கு ‘த்ர்க்’கைத் ‘திருகு’ ஆக்காமல் விடாது. பொறுமைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘ஸ்த்ர்ப்ல்யென்யெ’. தமிழில் எழுதிப் பார்த்தால் மார்கழிக் காலையில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு யாரோ எழுந்து போன கோலம் மாதிரி இருக்கிறது.

இலக்கணத்தை ஆப் முடிந்தவரை ஒளித்து வைத்திருக்கும். அதைத் தேடிப் போகாதீர்கள். ஆனாலும் காப்பி குடிக்கிறவர்கள் தப்ப முடியாது. ஒரு காப்பி என்றால் ‘கஃபா’. இரண்டு, மூன்று, நான்கு வரை ‘கஃபே’. ஐந்து என்றதும் மறுபடி ‘கஃபா’, ஆனால் இது பன்மையில் ஆறாம் வேற்றுமை, கடைசி ஆகாரத்தை நீட்ட வேண்டும். இருபத்தொன்று என்றால் எல்லாம் மறந்து பழையபடி ஒருமை. அதுவும் எழுவாயாக இருக்கும்போதுதான். ஹோட்டலில் கொண்டுவரச் சொன்னால் ஒரு காப்பியே ‘கஃபூ’ ஆகிவிடும். என் யோசனை, எங்கும் தனியாகப் போங்கள், ஒன்றே ஒன்று கேளுங்கள். நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு முறை ‘ஒரு காப்பி’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடலாம். நீங்கள் கற்றுக்கொண்டிருப்பது செர்பிய மொழி இல்லை, ஆங்கிலம். ஆப்பில் பெரும்பாலும் தமிழ் வழி கிடையாது. செர்பிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும். செர்பிய மொழியில் ‘ஏ’, ‘தி’ என்ற சனியன்கள் இல்லை, தமிழிலும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒன்றை நடுவில் நிற்கும் ஆங்கிலம் கேட்கும். ‘சிறுவன்’ முன்னால் ‘தி’ போட மறந்ததற்காக உங்கள் இதயங்களில் ஒன்று உடையும். ஐந்து இதயமும் போய்விட்டால் நாளை வரை காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். செர்பிய மொழி சரியாகப் புரிந்தும் ஆங்கிலத்தில் தோற்று வெளியேறுவது தமிழனுக்கு ஒன்றும் புதிய அனுபவமில்லை, பழகிக்கொள்ளலாம்.

அவர்களிடமும் ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு: ‘தி’, ‘வீ’. வயதில் பெரியவரை, முன்பின் தெரியாதவரைப் பன்மையில் அழைக்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தின் வழியே வரும்போது இரண்டும் ஒரே ‘யூ’. ஆப் உங்களுக்கு எளிதாயிருக்கட்டும் என்று ஒருமையிலேயே பழக்கும். அதை அப்படியே கொண்டுபோய்ப் போலீஸ்காரரிடம் ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று கேளுங்கள். உரையாடல் நீளும்.

குளிரைப் பாருங்கள். செர்பியர் ‘ஹ்லாத்னோ மி யெ’ என்பார். சொல்லுக்குச் சொல் ‘எனக்குக் குளிருது’. பிடித்திருக்கிறது என்பதற்கு ‘ஸ்விஜா மி ஸே’. அங்கேயும் அந்த ‘எனக்கு’ தான், நம் நான்காம் வேற்றுமை. குளிரும் தூக்கமும் விருப்பமும் ஆளுக்கு வந்து சேர்கிறவை என்று இரண்டு மொழிக்காரர்களும் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்று பிடிவாதமாக எழுவாயை உட்கார வைத்தாக வேண்டும். ஆகவே தமிழில் வெகு இயல்பாகத் தெரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் போட்டு உடைத்து, உடைந்ததைச் செர்பிய மொழியில் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு ஆப் ‘நடுநிலைப் பாடம்’ என்று பெயர் வைத்திருக்கும்.

குடும்பப் பாடம் வந்தால்தான் வேடிக்கை. ஆப் ‘அங்கிள்’ என்று கேட்கும். நீங்கள் ‘உயாக்’ என்று போடுவீர்கள், தவறு என்று சிவப்பாகும். அது ‘ஸ்த்ரிட்ஸ்’ஸை எதிர்பார்த்திருக்கும். உயாக் தாய்மாமன், ஸ்த்ரிட்ஸ் அப்பாவோடு பிறந்தவர். இந்த இருவரையும் ஒன்றாக்கத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் துணிய மாட்டார்கள், செர்பியாவிலும் அப்படித்தான். அதோடு நிற்கவில்லை. சகலைக்கு ‘பாஷெனோக்’ என்று தனிச் சொல் இருக்கிறது. ஓர்ப்படிக்கு ‘யேத்ர்வா’, நாத்தனாருக்கு ‘ஸாவொவா’. கணவனின் சகோதரனுக்கு ‘தேவெர்’. இந்தி சீரியல் பார்க்கிறவர்களுக்கு அங்கே வரும் ‘தேவர்’ ஞாபகம் வந்தால் தப்பில்லை, இரண்டும் ஒரே வேர்தான். மனைவியின் சகோதரன் ‘ஷூராக்’ வேறு, தேவெர் வேறு. ஆங்கிலத்துக்கு இவர்களில் ஆண்கள் எல்லோரும் ஒரே ‘பிரதர்-இன்-லா’. நம் பக்கத்து மாமியார் ஒருவரையும் செர்பியப் பாட்டி ஒருவரையும் அருகருகே உட்கார வைத்தால் அரைமணி நேரத்தில் இரண்டு குடும்பத்தின் வரைபடமும் தயாராகிவிடும். நடுவில் ஆப்பை வைத்தால் அங்கிள், ஆன்ட்டி, கஸின் என்று மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. உயாக்கின் மகள் அங்கே உடன்பிறந்தாள் முறை. ‘உயாக் வழிச் சகோதரி’ என்றே சொல்வார்கள். நீங்கள் பாட்டுக்கு முறைப்பெண் என்று பேச்சைத் தொடங்கி வைக்காதீர்கள்.

வேற்றுமை அவர்களுக்கு ஏழு, நமக்கு எட்டு. அந்த ஏழில் விளி வேற்றுமையும் ஒன்று. யோவான் என்ற பெயருள்ளவரைக் கூப்பிடும்போது ‘யோவானே’. பேதர் ‘பேத்ரே’ ஆவார். தம்பி, மச்சான் என்ற இடத்தில் இளைஞர்கள் வாய்க்கு வாய் போடும் ‘ப்ராதே’ கூட ‘சகோதரனே’ என்ற விளிதான். முருகனை முருகா என்றும் மகனை மகனே என்றும் கூப்பிடுகிறவர்களுக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் எந்தப் பாடத்திலும் இது லேசில் வராது. காரணம் எளியது. ஆப் சிறுவனைப் பற்றிப் பேசும், சிறுவனோடு பேசாது. ‘யாபுக்கா’ என்ற ஆப்பிளுக்கே ‘யாபுக்கோ’ என்று விளி உண்டு, வேண்டுமானால் ஆப்பிளே என்று கூப்பிடலாம். அந்தப் பிள்ளையை இத்தனை மாதத்தில் ஒருவரும் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்லை.

இந்தக் குறையைப் பெல்கிரேடுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் அரசர் பேதர் தெருவுக்குப் போவார்கள். அங்கே பேராலயத்துக்கு எதிரில் பழைய கஃபானா, அதாவது காப்பிக்கடை, ஒன்று இருக்கிறது. 1892-இல் முதலாளி அதற்கு ஆலயத்தின் பெயரைச் சேர்த்துப் பலகை வைக்க, குருமார்கள் சண்டைக்கு வந்தார்கள். வேறு பெயர் கிடைக்கும் வரைக்கும் என்று ஒரு கேள்விக்குறியை மட்டும் வரைந்து மாட்டினார். இன்றுவரை கடையின் பெயர் கேள்விக்குறிதான். எந்த எழுத்தும் தெரியாமல் தைரியமாகப் படிக்கக்கூடிய ஒரே பெயர்ப்பலகை. உள்ளே போய் உட்கார்ந்து, பயின்றபடி ‘யெத்னு கஃபூ, மோலிம்’ என்று உச்சரியுங்கள். பரிமாறுகிற இளைஞர் மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் ‘பாலோடு வேண்டுமா’ என்று கேட்பார். பெல்கிரேடின் இளைய தலைமுறை நன்றாக ஆங்கிலம் பேசுகிறது. செர்பிய மொழி மாணவனுக்கு அந்த ஊரில் இருக்கும் பேரிடர் இதுதான்.

யாக்கோப் க்ரிம்முக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர், செர்பிய மொழி கற்று வூக்கின் இலக்கணத்தை 1824-இல் ஜெர்மனில் கொண்டுவந்தார். அவரிடம் சுடரும் இல்லை, இதயங்களும் இல்லை.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாம் எண் ட்ராம். ஊரின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றி வரும் வழித்தடம், எங்கே ஏறினாலும் பாடம் நடுவில் அறுந்து போகாது. 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் பஸ்ஸும் ட்ராமும் எல்லோருக்கும் இலவசம், எனவே பிரீமியம் கட்டணமும் கிடையாது. போனைப் பைக்குள் வையுங்கள். வயதான பெண்கள் நாலைந்து பேர் இருக்கும் பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஜன்னல் திறக்கக்கூடிய பழைய வண்டியாக இருந்தால் விசேஷம். ஒரு ஜன்னலைத் திறங்கள். பிறகு எதிர்ப்பக்க ஜன்னலையும் திறங்கள்.

இரண்டு ஜன்னலுக்கும் நடுவே குறுக்காக ஓடும் காற்றுக்கு ‘ப்ரொமயா’ என்று பெயர். நம் ஊரில் இதைக் காற்றோட்டம் என்று விளம்பரம் செய்து வீட்டு வாடகையைக் கூட்டுவார்கள். அங்கே கழுத்துப் பிடிப்பு, காதுவலி, முகவாதம், முதுகுவலி எல்லாவற்றுக்கும் இதுதான் மூலகாரணம் என்பது பெரியவர்களின் திடமான நம்பிக்கை. அரை நிமிடம் பொறுங்கள். பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வரும்: ‘ஸீனே, ஸாத்வோரி ப்ரோஸோர்!’ மகனே, ஜன்னலைச் சாத்து! நீங்கள் பெண்ணாக இருந்தாலும் ‘மகனே’ என்றே கூப்பிடக்கூடும். செர்பியத் தாய்மார்கள் பெற்ற மகளையே ‘ஸீனே’ என்பதுண்டு, நம் வீட்டில் மகளை ‘வாடா கண்ணா’ என்கிற மாதிரி.

உடனே சாத்திவிடாதீர்கள். புரியாதவர் போல் திரும்பிப் பாருங்கள். அவர் இன்னொரு முறை, மெதுவாக, ஒவ்வோர் அசையாகப் பிரித்துச் சொல்வார். இந்த வசதிக்குத்தான் ஆப்பில் ஆமைப் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. இன்னும் புரியவில்லை என்றால் பக்கத்து இருக்கைக்காரர் சேர்ந்துகொள்வார், அவருக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய் கோணிப்போன கதை இறந்த காலத்தில் வரும். மூன்றாமவர் நீங்கள் எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, அம்மா அப்பா இருக்கிறார்களா என்று தொடங்குவார். தாய்மாமனைப் பற்றிக் கேட்டால் உயாக். பைக்குள் போன் துடிக்கும், சிறுவன் ஆப்பிளோடு காத்திருக்கிறான் என்று. ‘இப்போது பேச முடியாது’ பொத்தான் அதிலும் இருக்கிறது. இரண்டாம் ஜன்னலை மட்டும் அடுத்த நிறுத்தம் வரை சாத்த வேண்டாம்.